கராமாவுல ஒரு டெட்ராய்ட் பீட்சா

இன்னைக்கு மத்தியானம் துபாய் கராமாவுல ஒரு கடையில நானும் மகளும் சதுர பீட்சா சாப்பிட்டோம். அமெரிக்காவுல டெட்ராய்ட் ஊர்ப் பாணியாம். இரும்புத் தட்டுல வெந்து, அடி மொறுமொறுன்னும் நடுவுல பஞ்சு மாதிரியும் இருந்துச்சு.

சுட்டது என் வீட்டுக்காரர். மூணு வருஷமா அந்தக் கடையில வெங்காயம் நறுக்கினவர். இன்னைக்குத்தான் முதல் தடவையா அடுப்பை அவர்கிட்ட விட்டிருந்தாங்க. "சரியா வரலைன்னா மறுபடி வெங்காயம்தான் பாய்"னு மேனேஜர் சொல்லிட்டாராம்.

பக்கத்து மேஜையில ஒரு வெள்ளைக்காரர் ஒரு துண்டைக் கடிச்சிட்டு நிமிர்ந்தார். "நான் டெட்ராய்ட்காரன். இதைச் சுட்டது யாரு?"ன்னு கேட்டார்.

நான் கையில இருந்த துண்டைத் தட்டுலயே வச்சிட்டேன்.

வீட்டுக்காரர் ஏப்ரனோட வந்து நின்னார். வெள்ளைக்காரர் எழுந்து கை குடுத்து, "எங்க ஊர்ல சாப்பிட்ட மாதிரியே இருக்கு. அங்க எந்தக் கடையில வேலை பார்த்தீங்க?"ன்னார்.

"டெட்ராய்ட் பார்த்ததே இல்ல சார். நான் கீழக்கரை"ன்னு இவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, மகள் கடைக்கே கேக்குற மாதிரி, "அது எங்க அத்தா!"ன்னு கத்திட்டா.

மேனேஜர் சிரிச்சிக்கிட்டே, "நாளையிலேர்ந்து அடுப்பு உங்களுக்குத்தான் பாய்"ன்னார். எனக்குக் கண்ணு நிறைஞ்சிடுச்சு.

இந்த பீட்சாவுல ஓரத்துச் சீஸ் கருகி இருக்கிறதுதான் ருசியாம். வீட்டுல என் தோசை ஓரம் கருகினா மட்டும் மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.