விட்டுப் போன கார்கள்

வெர்னா ஹோல்முக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே அலுப்பு. ஊரே தேவாலயத்துக்குப் போகிற நேரத்தில் அவள் இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு டுவேனின் பீட்சா கடைக்குப் பின்னாலுள்ள காலி மனைக்குப் போவாள். அயோவாவின் அந்தக் கல்லூரி ஊரில் சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் என்றால், பிள்ளைகள் காலைப் பலகாரத்துக்கே பீர் குடிப்பார்கள். ஆட்டம் தொடங்குமுன்பே பாதிப் பேருக்கு யாரோடு ஆட்டம் என்பது மறந்திருக்கும். கொஞ்சம் புத்தி மிச்சமிருப்பவர்கள் காரை டுவேனின் மனையிலேயே விட்டுவிட்டு நடந்து போவார்கள். அந்தக் கார்களைத்தான் அவள் மறுநாள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரவில் வண்டி நிறுத்தக் கூடாது என்று அங்கே பலகை தொங்குகிறது.

நடந்து போனவனுக்குத் தண்டம், குடித்துவிட்டு ஓட்டிப் போனவனுக்கு ஒன்றுமில்லை. இது என்ன கண்றாவி நியாயம் என்று அவளுக்கும் தோன்றியதுண்டு. ஆனால் புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த வண்டியும் டுவேன் தரும் வேலையும்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு கொக்கியை மாட்டினாள்.

செப்டம்பரில் ஒருநாள், பின்கதவில் வாத்துப் படம் ஒட்டிய பச்சை வண்டியைத் தேடி ஒரு நெட்டைப் பையன், இழுத்த கார்களைப் பணம் கட்டும்வரை அவள் நிறுத்திவைக்கும் கொட்டடிக்கு வந்தான். பெயர் பிரெண்டன் வோஸ். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"குடிச்சிருந்தேங்க. அதான் வண்டிய விட்டுட்டு நடந்து போனேன். நல்லது பண்ணதுக்கா இது?"

"பலகையப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். பேசாம ஓட்டிட்டே போயிருக்கலாம்."

"பெரிய மனுஷன் மாதிரி பேசாத. இனிமே குடிச்சா வண்டியத் தொடாத, அவ்வளவுதான்."

பையன் பணத்தைக் கட்டினான். தலையாட்டிவிட்டுப் போனான்.

அக்டோபரில், ஆட்டம் முடிந்த சாயங்காலம், வெளிச்சம் போகுமுன்பே போலீஸ் அவளைக் கூப்பிட்டது. சோளக்காட்டை ஒட்டிய பாலத்துச் சுவரில் ஒரு வண்டி மோதி நொறுங்கிக் கிடந்தது. கொக்கியை மாட்டக் குனிந்தபோதுதான் வாத்துப் படத்தைப் பார்த்தாள். கூட வந்த பையன்கள் சிராய்ப்போடு பிழைத்துக்கொண்டார்கள். பிரெண்டன் பிழைக்கவில்லை. "எங்கள்ல குறைச்சலாக் குடிச்சவன் அவன்தான், அதான் அவன ஓட்டச் சொன்னோம்" என்று அவர்கள் போலீசிடம் சொன்னார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஜாக்கிரதை.

சில நாள் கழித்து அவன் அம்மா கொட்டடிக்கு வந்தாள். வண்டிக்குள் கிடந்த ஷூவையும் புத்தகங்களையும் ஒரு பையில் போட்டாள்.

"போன மாசம் வண்டிய விட்டுட்டு நடந்தே போனேம்மான்னு அவனே போன்ல சொன்னான். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இந்தத் தடவ மட்டும் ஏங்க எடுத்தான்?"

வெர்னாவுக்குப் பதில் தெரியும். "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மாவின் காரில் வைத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனை நிறையக் கார்கள். வெர்னா எதையும் தொடவில்லை. இழுவை வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்தாள். டுவேன் போன் செய்தான்.

"என்ன வெர்னா, ஒரு வண்டியும் நகரல? மதியம் வர்றவங்க என் தலைமேலயா நிறுத்துவாங்க?"

"பசங்க எழுந்திரிச்சு வரட்டும் டுவேன். அவங்களே எடுத்துக்குவாங்க."

"அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"அடுத்த வாரம் பாத்துக்கோ. இன்னைக்கு வாசல்ல நான் இருக்கேன்."

வேலை போயிற்று என்று அவளுக்குத் தெரியும். சண்டை போடவும் தெம்பில்லை. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவள் கையில் இருந்தது.

ஒரு பெண் செருப்புக் காலோடு குளிரில் ஓடி வந்தாள். இழுவை வண்டியைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"எடுத்துட்டுப் போயிடாதீங்க, ப்ளீஸ். நேத்து குடிச்சிருந்தேன், அதான் விட்டுட்டுப் போனேன்."

"தெரியும்மா. இப்பத் தெளிஞ்சிடுச்சா?"

"தெளிஞ்சிடுச்சு."

"அப்ப எடுத்துட்டுப் போ. பணம் ஒண்ணும் வேண்டாம்."

வெர்னா வழிவிட்டாள். அந்தப் பெண் வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. அடுத்த வாரமும் இங்கயே விடலாமா?"

வெர்னா ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"அடுத்த வாரம் வேற ஒருத்தன் இழுத்துட்டுப் போவான்" என்றாள். "போனாப் போகட்டும். நீ விட்டுட்டு நட."

அந்தப் பெண் தலையாட்டினாள். பிரெண்டனும் இப்படித்தான் தலையாட்டிவிட்டுப் போனான்.