நீல உடுப்பும் ஒரு போலிஷ் சொல்லும்

மகளை அங்கே கூட்டிப்போனது சரியா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய் காலை. கணவர் சர்க்கரை மாத்திரையை மறந்து வேலைக்குப் போயிருந்தார். வேலைநிறுத்தத்தால் மகளைப் பகலில் விடும் கார்டரி பூட்டு. ஆகவே மாத்திரையைக் கொடுக்க, நான்கு வயது மகளோடு எங்கள் வீடிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து புறப்பட்டேன். வில்லா மரியாவில் மெட்ரோ, கோட்-வெர்ட்டுவில் இறங்கி, அவருடைய தொழிற்சாலை இருக்கும் சென்ட் லோரன்ட் போகும் பஸ். எனக்கு மட்டும் டிக்கெட், மகளுக்கு இலவசம்.

பஸ்ஸில் எல்லோரும் இயர்போனால் காதை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடமாகியும் இந்த அமைதி எனக்குப் பழகவில்லை. பக்கத்திலிருந்த போலந்துப் பெண் ஏவா மட்டும் மகளிடம் பேச்சுக் கொடுத்தாள். அவளுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை.

"அப்பாவுக்கு அங்கே என்ன வேலை?"

"கொம்பியூட்டர் வேலை," என்றாள் மகள். நான் சொல்லிக்கொடுத்த பதில்.

ஏவா சிரித்தாள். "அங்கே இருக்கும் ஒரே தமிழர் பெட்டி அடைக்கிறவர். தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, உள்ளே உடுப்பு மாற்றுவார். நாங்கள் அவரை மந்திரி என்போம்."

மெட்ரோவில் தெரிந்த தமிழர்கள் வருவார்கள், அதனால்தான் அந்தச் சட்டை என்றேன். அவள் தன் ஊர்க் கதை சொன்னாள். உடலுழைப்பாளிக்கு அங்கே 'ரொபோட்னிக்' என்று பெயர். பண்ணைகளில் கட்டாயமாக வேலை வாங்கிய காலத்து வேரிலிருந்து வந்த சொல். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அதுவே பெருமையாகப் பதாகைகளில் ஏறியது.

"என் அப்பாவின் படத்தை ஆலைச் சுவரில் மாட்டினார்கள். ஆனாலும் இறைச்சி வாங்க அவர் வரிசையில்தான் நின்றார். இப்போது பையன்கள் அந்தச் சொல்லையே திரித்து 'ரொபோல்' என்று திட்டுகிறார்கள்."

தொழிற்சாலை வந்ததும் ஏவா உள்ளே போய் என் கணவரை வாசலுக்கு அனுப்பினாள். நீல உடுப்பில் வந்தவர் மகளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

"கார்டரி பூட்டு. தனிய விட ஏலுமே?"

மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, வடிவான உடுப்பு! கார்டரிக்கும் இதோட வாங்கோ!"

கார்டரியில் மாதக் கடைசியில் பெற்றோர் வந்து தம் வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாள்.

"அம்மா வருவா," என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியெல்லாம் மகள், "அப்பாக்குக் கோபமா?" என்று கேட்டபடி வந்தாள். அன்றிரவு அவர் வழக்கம்போல மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஊரில் அம்மாவிடம் யோசனை கேட்கலாமென்றால் அவவுக்கும் கொம்பியூட்டர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்: அந்த நாளில் கார்டரிக்கு அவரை வற்புறுத்தி அனுப்பவா, அல்லது நானே போய் அந்தப் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லிவிடவா?