பொது வார்டில் ரோஷன் பீவி

ரோஷன் பீவி முதல் தடவை தேர்தலில் நின்றது அவளாகக் கேட்டு நடந்ததல்ல. 2011இல், திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துப் பேரூராட்சியில், அவர்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கவுன்சிலராக ஆசைப்பட்டிருந்த கணவன் அப்பாஸ், தன் பெயருக்குப் பதில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

ஜெயித்தாள். முதல் கூட்டத்துக்கு அப்பாஸும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அவளைக் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். தீர்மானப் புத்தகம் வந்தபோதும் கை நீட்டியது அவன்தான்.

"குடுங்க, கையெழுத்து நான்தான் போடணும்" என்று வாங்கி, வரி வரியாகப் படித்தாள் ரோஷன். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"எங்க தெருவுல பத்து மணிக்குத் தண்ணி வுடறீங்க. பொம்பளைங்க எட்டு மணிக்கே மகாபலிபுரம் லாட்ஜுங்களுக்கு வேலைக்குப் போயிடறாங்க. யாரு புடிக்கிறது?"

அங்கே அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அடுத்த வாரம் முதல் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. அப்பாஸ் அப்புறம் கூட்டத்துக்கு வரவில்லை. முதலில் கோபம், போகப் போக, தான் தேவையில்லை என்று புரிந்துவிட்டது.

2016இல் பதவிக்காலம் முடிந்தது. தேர்தலோ நடக்கவே இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது. பென்ஷன் நின்றுபோனவர்களும் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்களும் அப்போதும் ரோஷன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். யாரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை. மனு எழுதிக்கொண்டு, பஸ் ஏறி, செங்கல்பட்டு வரைக்கும் போய் வந்தாள்.

2022இல் தேர்தல் வந்தபோது வார்டு பொதுவாகியிருந்தது. கட்சிக்காரர் கோபாலகிருஷ்ணன் வீடு தேடி வந்தார்.

"பாய், இப்ப லேடீஸ் வார்டு இல்ல. நீயே நில்லு. அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும்."

அப்பாஸ் தாடியைத் தடவிக்கொண்டான்.

"அண்ணாத்த, அந்த வேல எனக்கு இன்னா தெரியும்? ஜனங்க தேடிகினு வர்றது இவளத்தான். இவளுக்கு சீட்டு குடு. இல்லாட்டி வுடு."

உள்ளே நின்றிருந்த ரோஷனுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அவன் அதை அவளிடம் சொன்னதே இல்லை.

சீட்டு வேறொருவருக்குப் போனது. நான்கு ஆண்களை எதிர்த்து அவள் சுயேச்சையாக நின்றாள். லாட்ஜுக்குப் போகும் பெண்கள் வேலைக்குக் கிளம்புமுன் அவளோடு வீடு வீடாக வந்தார்கள். அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தாள்.

அந்த மழைக்காலத்தில், தன் தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டது என்று, அவளுக்குச் சீட்டு தராத கோபாலகிருஷ்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"இதுக்கு இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க? வாங்க, போய்ப் பாக்கலாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள் ரோஷன்.