அப்துல் வஹாப் வீட்டு அடுக்களைக்குள் வந்த தண்ணீர்

ஷார்ஜா வெயிலில் காய்ந்து சம்பாதித்த பணத்தில் அப்துல் வஹாப் தஞ்சாவூர்க் கோட்டைக்குத் தெற்கே வீடு கட்டினார். குடிபோன வருஷமே ஐப்பசி மழையில் அடுக்களைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டு இராஜாங்கம் வாத்தியார் அப்போதுதான் தன் மனைக்கு நாலு லாரி மண் அடித்து மேடாக்கியிருந்தார். வஹாபுக்கு வேறு சாட்சி எதற்கு? தெருவே கேட்கக் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. போன பங்குனியில் வாத்தியாரின் மனைவி அம்சம் இறந்தபோது தெருவே போய் நின்றது, இவர் போகவில்லை. அப்படியொரு வீம்பு.

மகள் ஹஃப்ஸா கட்டடக்கலை படிக்கிறாள். படிப்புக்காகக் கோட்டையின் பழைய வரைபடங்களைச் சேர்த்தவள், ஒருநாள் லேப்டாப்பை அத்தாவின் முன்னால் வைத்தாள். முதல் படம், பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டையைப் பிடிக்க வந்த படையில் ஒருவன் வரைந்தது. முற்றுகை போட வந்தவனுக்குக் கோபுரம் எதற்கு? அகழிக்குத் தண்ணீர் வரும் வழியைத்தான் இழை இழையாக வரைந்திருந்தான். அடுத்த படம் சில வருஷம் கழித்து வரைந்தது. கோட்டைக்குள் இடம் போதாமல் ஊர் வெளியே இறங்கியிருந்தது. தோப்பெல்லாம் தெருவாகி, வாய்க்கால் பாதியில் காணாமல் போயிருந்தது.

இரண்டையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திக் காட்டினாள்.

"இதுதான் நம்ம அடுக்களை. பழைய வாய்க்கா மேக்கேருந்து நேரா இதுக்குள்ளதான் வருது அத்தா."

"அப்ப கிழக்க வாத்தியார் அடிச்ச மண்ணு?"

"வாய்க்கா அந்தப் பக்கம் போகவே இல்ல, இங்கேருந்து வடக்க அகழிக்குத் திரும்பிடுது. அதுக்கும் நம்ம வீட்டுத் தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வஹாப் வீம்புக்காரரே தவிர அநியாயக்காரர் இல்லை. அஸர் தொழுதுவிட்டு நேரே பக்கத்து வீட்டுப் படியேறினார்.

"சார், தப்பு எம்மேலதான். உங்க மண்ணால தண்ணி வரல. எங்க வீடுதான் பழைய வாய்க்கா மேல நிக்குது. புள்ள படத்துல காட்டிட்டா. மன்னிச்சுக்கங்க."

வாத்தியார் கதவை அகலத் திறந்தார்.

"உள்ள வாங்க பாய். எனக்கு ஒண்ணுமில்ல. அம்சந்தான் மழை பேஞ்சா தூங்க மாட்டா. 'நம்மாலதானே அந்தப் புள்ளைங்க ஈரத்துல கிடக்குது, மண்ண வெட்டி எடுத்துடுங்க'ன்னு அரிப்பா. நான்தான் கேக்கல. கடைசி வரைக்கும் அப்படியே நெனச்சுக்கிட்டுதான் பாய் போனா."