எண்ணூரில் பூத்த சாமந்தி

போன மாதம் ஒரு புதன்கிழமை எண்ணூருக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்றைத் துறைமுகப் பக்கத்திலிருந்து மணலி ஆலைகள் வரை பதிக்கப் போகிறார்கள். அதைப் பற்றிய பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு. சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் மூன்று பேர் இந்த வலைப்பதிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இப்படிப்பட்ட கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா, எப்படிப் போவது என்று கேட்டிருந்தார்கள். போகலாம். அடையாள அட்டைகூடக் கேட்கமாட்டார்கள். எப்படிப் போகக் கூடாது என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் குழாய்க்கான சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. நிறுவனம் என்றால் தேனாம்பேட்டையில் ஒரு மாடி, ஆறு நாற்காலி, ஒரு ஜீப். பொங்கல் முடிந்த வாரம் அந்த ஜீப் ஒரே ஒரு நாள் கிடைத்தது. குழாய் ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு என்னைக் கள ஆய்வுக்கு அனுப்பினார்கள். காலை ஆறு மணியிலிருந்து மாலை நான்கு வரை ஆற்றங்கரையில் நின்றேன். தண்ணீரில் ஒரு ஆள் இல்லை. படகெல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தது. மதியம் குப்பத்திலிருந்து ஒரு சாவு ஊர்வலம், மேளமும் வெடியுமாக, நான் நட்டுவைத்திருந்த ஒலி அளக்கும் கருவியை உரசிக்கொண்டு போனது. அவர்கள் போன பிறகு சாலை முழுக்கப் பூ. என் கையில் இருந்த படிவத்தில் மீன்பிடிப்பு, ஒலி, பூக்கள் என்று மூன்று இடம் இருந்தது. கண்டதை மூன்றிலும் எழுதினேன். கடைசியில் இருந்த குறிப்புப் பத்தியில் ‘சாவு மேளம், சாவுப் பூ’ என்றும் நேர்மையாக எழுதினேன். அலுவலகத்தில் தட்டச்சு செய்தபோது தாளில் அகலம் பத்தவில்லை என்று குறிப்புப் பத்தியைத் தூக்கிவிட்டார்கள். அச்சாகி வந்த அறிக்கையை நான் படித்துப் பார்க்கவில்லை. நாம் எழுதியதுதானே என்ற தெனாவட்டு.

சரி, பயணத்துக்கு வருவோம். கூட்டம் பதினோரு மணிக்கு. அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் நாற்பது பிரதி, சணல் கட்டிய ஒரு பொட்டலம், என் பொறுப்பு. எங்கள் இயக்குநர் மூர்த்தி சார் தன் காரில் வந்து மேடையில் அதைப் படிப்பதாக ஏற்பாடு. காரில் எனக்கும் பொட்டலத்துக்கும் இடம் இல்லையாம். பின் சீட்டில் அவருடைய கோட்டு தொங்குகிறது. எட்டு பத்துக்குப் பாரிமுனையில் எண்ணூர் பஸ் ஏறினேன். ஏழு ரூபாய் டிக்கெட், ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர். ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். கன்டெய்னர் லாரிகளை மறந்துவிட்டேன்.

ராயபுரம் தாண்டிக் கடலோரச் சாலையில் திரும்பியதும் பஸ் நின்றது. இடது பக்கம் லாரி, முன்னால் லாரி, வலது பக்கம் சுனாமிக்குப் பிறகு கொட்டிய கருங்கல்லும் அதற்கு அப்பால் கடலும். ஒரு லாரிக்கு அடியில் டிரைவர் தூளி கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்; அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். காசிமேடு வரவே ஒன்பதரை. திருவொற்றியூர் தேரடியில் பத்தே முக்கால். அங்கே கண்டக்டர் எல்லோரையும் பார்த்து, அவசரம் இருக்கிறவர்கள் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பது நல்லது, அவசரம் இல்லாதவர்கள் உட்காரலாம், ஆனால் தனக்கே அவசரம் என்றார். இறங்கினேன்.

ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய். ஆறு பேர் உட்காரும் வண்டியில் நான் பத்தாவது ஆள். எனக்கு எதிரே நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஓர் அம்மா, மடியில் அலுமினிய அன்னக்கூடை. பெயர் கஸ்தூரி என்று டிரைவர் கூப்பிட்டதில் தெரிந்தது. காலையில் திருவொற்றியூர் சந்தையில் இறால் விற்றுவிட்டு, மீதியோடு ஊருக்குத் திரும்புகிறார். கூடையை வைக்க இடம் இல்லாததால், என் பொட்டலத்தைக் காட்டி அதன்மேல் வைக்கலாமா என்றார். தாராளமாக என்றேன். கூடையின் அடியில் ஓட்டை இருந்தது வண்டி எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போதுதான் தெரிந்தது. ஐஸ் உருகிய இறால் தண்ணீர் நாற்பது பிரதிக்குள்ளும் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நானும் கூட்டத்துக்குத்தான் வருகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

“எவனோ ஒர்த்தன் ஜீப்புல வந்து பாத்துட்டு, ஆத்துல யாரும் மீனே புடிக்கறதில்லன்னு எய்தி வெச்சிக்கீறான் சார். அவன் மட்டும் கைல கெடைக்கணும்” என்றார் கஸ்தூரி.

நான் கடலைப் பார்த்தேன். அந்த இடத்தில் கடல் தெரியாது, ஒரு ஆலையின் மதில் சுவர்தான் தெரியும். அதையே பார்த்தேன்.

மீதியை அவரே சொன்னார். ஆற்றின் குறுக்கே குழாய் பதிக்க எட்டு மாதம் ஆகுமாம். அத்தனை நாளும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மீன்பிடிப்பு உண்டு என்று அறிக்கையில் இருந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் உண்டு. இல்லை என்று இருந்தால் ஒன்றும் கிடையாது. அவர் ஆற்றில் மண்டியிட்டுக் கையால் துழாவி இறால் பிடிப்பவர். விரல் நுனிகளைக் காட்டினார். பழைய கீறலும் புதுக் கீறலுமாக இருந்தது. அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்று அப்போது நினைத்தேன். வெட்கமாக இருந்தது. பயமும் இருந்தது.

பதினொன்று இருபதுக்கு எண்ணூர். கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் இருந்தது. மேடையில் மணமக்கள் நாற்காலியில் வருவாய்த் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார்; பின்னால் தெர்மோகோலில் யாரோ இருவரின் பெயர், நடுவில் ஓர் இதயம். கீழே இருநூறு பேர். மூர்த்தி சார் இல்லை. போன் செய்தால், எர்ணாவூரில் லாரிகளுக்கு நடுவில் நிற்பதாகவும், நானே படித்துவிடும்படியும் சொன்னார். ஏசி போட்டிருக்கும் சத்தம் கேட்டது.

பொட்டலத்தை அதிகாரி பிரித்தார். ஒரு பிரதியைத் தூக்கி, முகர்ந்து, என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். நான் மைக்கின் முன்னால் நின்று, ஈரத்தில் ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். ‘ஆற்றின் இப்பகுதியில் மீன்பிடிப்பு ஏதும் காணப்படவில்லை.’ கூட்டம் இரைந்தது. மூன்றாவது வரிசையில் கஸ்தூரி எழுந்து நின்று என்னையே பார்த்தார். படிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ‘இப்பகுதியில் ஒலி அளவு ஏற்கெனவே மிக அதிகம். ஆதலால் குழாய் பதிக்கும் இயந்திரங்களால் மக்களுக்குப் புதிய தொந்தரவு இராது.’ அடுத்த வரியை என் கண் முதலில் பார்த்துவிட்டது, நிறுத்துவதற்குள் வாய் படித்துவிட்டது. ‘சாமந்தி, ரோஜா, கோழிக்கொண்டை ஆகிய பூச்செடிகள் இங்கு மிகுதியாக வளர்கின்றன.’

மண்டபமே சிரித்தது. சாம்பலும் உப்புமாக இருக்கும் அந்தக் கரையில் கருவேலமே கஷ்டப்பட்டுத்தான் வளர்கிறது. அதிகாரியும் சிரித்தார். கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. நேராக மைக்குக்கு வந்து, என்றைக்கு வந்து பார்த்தார்கள் என்று அந்தத் தேதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சிரிப்பு தானாக அடங்கியது.

“அன்னிக்கு எங்க மாமனாரு செத்துட்டாரு சார். ஊர்ல சாவு வுழுந்தா, எடுக்கற நாளு பூரா ஒருத்தரும் தண்ணில கால் வெக்கமாட்டோம். வெச்சா ஊரு அபராதம் போடும். நீங்க அளந்தீங்களே சத்தம், அது அவருக்கு அடிச்ச மோளம். அந்தப் பூவு அவரு மேல போட்டது.”

அதிகாரி என் பக்கம் திரும்பி, கள ஆய்வுக்குப் போனது யார் என்றார். சரியாக அதே நேரம் மூர்த்தி சார் கோட்டோடு வாசலில் வந்து நின்றார். வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது மாதச் சம்பளக்காரன் எவனுக்கும் தெரியும்.

நான்தான் போனேன் என்றேன். ஊர்வலத்தைப் பார்த்தேன் என்றும் சொன்னேன். பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்டார் அதிகாரி.

“எழுதினேன் சார். தாளில் அகலம் பத்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள்.”

மறுபடி சிரிப்பு. இந்தமுறை கஸ்தூரியும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி அங்கேயே கூட்ட நடவடிக்கையில் எழுத வைத்தார்: ஊர் தொழிலுக்குப் போகிற நாட்களில், ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் மறுபடி ஆய்வு செய்யும்வரை இந்த அறிக்கை செல்லாது. அவர் எழுதச் சொல்லச் சொல்ல மூர்த்தி சார் வாழைமரத்திலிருந்து ஓர் இலையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதும் காரில் எனக்கு இடம் இல்லை. எண்ணூர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். வழியில் டீக்கடையில் கஸ்தூரி மறித்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மூன்று ரூபாய் டீயை வாங்கிக் கையில் கொடுத்தார். ஷேர் ஆட்டோவிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டாராம். நான் மதில் சுவரைப் பார்த்த விதம் சரியில்லையாம். தன் மகனின் செல்போன் எண்ணை ஈரமான ஒரு பிரதியின் பின்பக்கம் என்னையே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

“அடுத்த தபா வர்றதுக்கு மின்னாடி போன் போடு நைனா. சாவு கீதா இல்லியான்னு சொல்றேன்.”

மறு ஆய்வுக்குத் தண்டனையாக என்னையே அனுப்பினார்கள். ஜீப் இல்லை. போன வாரம் ஏழு நாளும் மின்சார ரயிலில் போய் வந்தேன். கஸ்தூரி என்னைக் கரையில் நிற்க விடவில்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கச் சொன்னார். முழங்கால் அளவு சேற்றில் நின்று, ஒவ்வொரு தலையாக எண்ணினேன். என் கைக்கு ஓர் இறாலும் சிக்கவில்லை, ஒரு நண்டு சிக்கியது, அல்லது நான் அதற்குச் சிக்கினேன். மீன்பிடிப்பு என்ற இடத்தில் பெயர்களை எழுத இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். பூக்கள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். கடைசி நாள் அவருடைய மாமனாரின் பெயரைக் கேட்டேன். அதைக் குறிப்புப் பத்தியில் எழுதி, இந்தத் தடவை தட்டச்சு செய்பவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பத்தி அச்சாகி வெளியே வரும்வரை எழுந்திருக்கவில்லை. நிவாரணம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. கிடைக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில் பிடியுங்கள்; எண்ணூருக்கு ஆறு ரூபாய், ஐம்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். கடலோரச் சாலையில் பஸ் ஏறுபவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போகவும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அறிக்கையின் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள், எழுதியவர்கள் படித்திருக்கமாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் காகிதத்தை மடியில் வையுங்கள். முக்கியமாக, எந்த ஊரை அளக்கப் போனாலும், முந்தின நாள் அந்த ஊரில் ஒருவருக்காவது போன் செய்து, எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.