அப்பா சொன்ன அளவு

புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தீபாவளி நினைவுக்கு வரும்; எனக்கு மதுரை ஜெயில் வாசல். என் மூக்கு வளர்ந்த விதம் அப்படி.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவர் மண்டையை உடைத்துவிட்டு அப்பா உள்ளே போய் மூன்று வருசம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் அகரத்தில் எங்களோடு பேச்சை நிறுத்தாதது எங்கள் எருமை மட்டும்தான். அப்புறம் திண்டுக்கல் சர்ச்சிலிருந்து சைக்கிளில் வரும் எஸ்தர் டீச்சர். உள்ளே இருப்பவர்களிடம் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கிறிஸ்துமஸுக்கு அதை அப்பா கொடுத்ததாகவே வீட்டில் சேர்ப்பது அவர்கள் ஊழியம். கருப்பசாமி கும்பிடும் வீடென்று டீச்சர் ஒதுக்கவில்லை.

"செவப்புக் கவுனு. ஒங்கப்பா சொன்ன கலரு, ஒங்கப்பா சொன்ன அளவு" என்று நீட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலையில் மாட்டினேன், தோளிலேயே நின்றுவிட்டது. அப்பா ஐந்து வயசுப் பிள்ளைக்கு அளவு சொல்லியிருந்தார். நானோ எட்டு வயசுத் தடிச்சி.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் "மனு பாக்க", அதாவது அப்பாவைப் பார்க்க, என்னை முதன்முதலாகக் கூட்டிப்போவதாக இருந்தது. அந்தக் கவுன் இல்லாமல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் இரண்டு பக்கமும் பிரித்து, சர்ச்சின் பழைய நீலத் திரைச்சீலையை வைத்துத் தைத்தார்.

"ஆத்தா, மூச்ச மட்டும் பெருசா விட்றாத" என்றார் டீச்சர்.

கம்பிவலைக்கு அந்தப்பக்கம் வந்த அப்பா, என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார். "பாப்பாவக் கூட்டியாரலையா?"

கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். தையல் டர்ரென்று பிரிந்தது. அப்பா அந்தச் சிவப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அட, நீயா ஆத்தா? இம்புட்டு வளந்துட்டியா?"

சிரித்தார், அழுதார், எது முதலில் என்று நான் கவனிக்கவில்லை. கூட வந்திருந்த டீச்சர், அடுத்த கவுனுக்காகத் தையல் நூலில் என் உயரத்தை அளந்து அறுத்துக் கொடுத்தார். இதைப் பிடித்து ஏறி யாரும் தப்பிக்க முடியாது என்று வார்டர் இழுத்துப் பார்த்துவிட்டு நூலை உள்ளே விட்டார். அதிலிருந்து வருசம் ஒரு நூல். அப்பா வெளியே வரும்வரை எந்தக் கவுனும் தோளில் நிற்கவில்லை.

இன்று அப்பாவும் இல்லை, டீச்சரும் இல்லை. கம்பிவலை போய்க் கண்ணாடியும் போனும் வந்துவிட்டன. டீச்சரின் ஊழியமும் நூல்கண்டும் மட்டும் என்னிடம் இருக்கின்றன. போன வாரம் நெய்க்காரப்பட்டியில், அப்பா உள்ளே இருக்கும் ஒரு சிறுமியை அளந்தேன். குதிகாலை எக்கி நின்றாள்.

"ஏத்தா, ஒங்கப்பனையே ஏமாத்துறியா?"

"சீக்கிரம் பெருசாகுன்னு அவருதானுங்க பாட்டி சொன்னாரு."

எக்கிய உயரத்துக்கே நூலை அறுத்தேன்.