கேட்டுவிட்டுப் பார்த்தவர்

நேற்று விடியற்காலையில் கதிரேசன் சாரின் மனைவி செல்வி போனில் அழைத்தார். “அவரு போயிட்டாருங்க” என்றார்.

நிலக்கரிச் சுரங்கத்தின் கண்காணிப்பு அறையில் நானும் சாரும் பல ஆண்டுகள் ஒரே ஷிப்டில் இருந்தோம். எதிரே வரிசையாகத் திரைகள். அவற்றில் கன்வேயர் பெல்ட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். “நாம எல்லாத்தையும் பார்த்துக்கினு இருக்கோம், நம்மள ஒருத்தரும் பாக்கல. சினிமாவோட ருசியே அதுலதாங்க இருக்கு” என்பார். மனிதருக்கு அப்படியொரு சினிமாப் பைத்தியம்.

லீவு நாட்களில் குறும்படம் எடுத்து டவுன்ஷிப் திரைப்பட மன்றத்தில் போடுவார். ஒரு ஞாயிறு மாலை போட்ட படத்தில், ஒரு பெண் மொட்டைமாடிக் கொடியில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைத்துவிட்டுத் துணி காயப்போட்டாள். வெள்ளைப் போர்வை காற்றில் மெல்ல எழுந்து அவளை மறைத்தது, விலகியது. ஈரக்கூந்தலோடு எங்கோ பார்த்துத் தனக்குள் சிரித்தாள். கனவில் நடப்பதுபோல் இருந்தது. அட, அது நான்! எதிர் பிளாக்கில் இருந்த தம் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து, எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்.

அவ்வளவு அழகாக என்னை நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் காட்டாத சிரிப்பை இருட்டில் ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கிறது! “லைட்டப் போடுங்க” என்று கத்தினேன். “என்னைக் கேட்டீங்களா சார்?”

மறுநாள் அவரும் செல்வியும் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார்கள். “தப்புதாங்க. கேட்டா அந்தச் சிரிப்பு வராதுன்னு கேக்காம வுட்டுட்டேன். வேற காப்பி இல்ல, நீங்களே அழிச்சிடுங்க” என்றார். இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். பிறகு அழித்தேன். அவருக்குக் கண்கள் கலங்கின, எனக்கும்தான்.

அதன்பின் கேட்காமல் அவர் யாரையும் எடுத்ததில்லை. கேட்டவுடன் எல்லோரும் தலையை வாரிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். மன்றத்தில் “பாஸ்போர்ட் போட்டோ டைரக்டர்” என்று கிண்டல் செய்தார்கள். “இருக்கட்டுங்க, அவங்க மூஞ்சி அவங்களோடது” என்று சிரிப்பார். அப்புறம் அவருக்கு நல்ல படம் ஒன்றுகூட அமையவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இன்று காலை துக்கத்துக்கு வந்தவர்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்று, வாட்ஸ்அப்பில் போடுவதற்காக அவர் முகத்தை ஆளாளுக்குப் படமெடுத்தார்கள். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போய் நின்றேன். “அவரைக் கேட்டீங்களா?” என்றேன். செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

கொண்டுபோன மாலையை வைக்கத் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. கண்மூடிக் கிடந்தவரை நானும்தான் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள் சார். கண்களை மூடிக்கொண்டு கும்பிட்டேன். போய் வாருங்கள்.